எண்கள் சொல்லாத சேதி

 

எங்கள் வீட்டில் நீண்ட கணக்கு நோட்டு ஒன்று உண்டு. பலசரக்குக் கணக்கு எழுதுவதற்கென்று மச்சான் வாங்கி வைத்தது. 2021ஆம் ஆண்டு முதல் அதில் அரிசியும் பருப்பும் இடம்பெறவில்லை. ஒவ்வொரு நாளும் ஸுப்ஹுத் தொழுகை முடிந்ததும், என் ராத்தாவின் தோள்பையில் இருக்கும் சிறு கருவியின் பொத்தானை அழுத்தி, அதன் திரையில் தோன்றும் 4 எண்களை அந்த நோட்டில் குறித்து வைப்பது என் வேலை. அந்த எண்களின் மீது நாங்கள் வைத்த அளவுகடந்த நம்பிக்கையினால், செய்தாக வேண்டிய ஒரு பரிசோதனையை 7 மாதங்கள் தள்ளிப் போட்டோம். அதன் விளைவைத்தான் உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன். குற்றம் எங்களுடையது. மருத்துவமனையைக் குறை கூற எதுவுமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ராத்தாவுக்கு அப்போது வயது 44. இதயத் தசை தளர்ந்து, இதயமே ஊதிய பை போல் விரிந்துவிடும் நோய். மாத்திரைகள் சில ஆண்டுகள் தாங்கின, பின்பு தாங்கவில்லை. நலமுள்ள இதயத்தின் இடது கீழறை, ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள இரத்தத்தில் பாதிக்கு மேல் வெளியே தள்ளும். ராத்தாவின் இதயம் 15 சதவீதத்தையே தள்ளிக்கொண்டிருந்தது. மாற்று இதயத்துக்குப் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருந்தோம். ‘ஓ’ பிரிவு இரத்தம் உள்ளவர்களுக்கு ‘ஓ’ பிரிவினரின் இதயமே பொருந்தும் என்பதால் காத்திருப்பு நீண்டுகொண்டே போனது. இனியும் காத்திருந்தால் ஆள் தாங்கமாட்டார் என்ற நிலையில்தான், இதயத்துக்கு உதவியாக ஓர் இயந்திரப் பம்பைப் பொருத்தலாம் என்று சென்னை மருத்துவர்கள் கூறினார்கள். செலவைப் பற்றி விரிவாக எழுத மனமில்லை. கீழக்கரையில் எங்கள் வாப்பா கட்டிய வீட்டின் தென்பகுதி இன்று வேறொருவருடையது, அவ்வளவுதான்.

அந்தப் பம்பு எப்படி வேலை செய்கிறது என்பதைச் சற்று விளக்கினால்தான் நான் சொல்ல வருவது உங்களுக்குப் புலப்படும்.

நம் இதயத்தில் 4 அறைகளும், ஒருபக்கம் மட்டுமே திறக்கும் கதவுகளைப் போன்ற 4 வால்வுகளும் உள்ளன. இரத்தம் வலப்புறத்திலிருந்து நுரையீரலுக்குச் சென்று தூய்மையாகி இடப்புறத்துக்குத் திரும்புகிறது. (இந்த உண்மையை 13ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தவர், டமாஸ்கஸில் பயின்று கெய்ரோவில் வாழ்ந்த மருத்துவ மேதை இப்னுன் நஃபீஸ் என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்?) இடது கீழறைக்கு வந்து சேரும் இரத்தம், பெருந்தமனியின் வாயிலில் உள்ள வால்வைத் திறந்துகொண்டு உடலெங்கும் பாய்கிறது. இடது கீழறை தளர்ந்துவிட்டால் இந்தக் கடைசிப் பாய்ச்சல்தான் குன்றிவிடுகிறது.

பம்பை இடது கீழறையின் கூர்முனையில் துளையிட்டுப் பொருத்துகிறார்கள். அதனுள்ளே ஒரு சிறு சக்கரம் காந்த விசையில் மிதந்தபடி நிமிடத்துக்கு 5,000 சுற்றுகளுக்கும் மேலாகச் சுழல்கிறது. கீழறையிலிருந்து இரத்தத்தை உறிஞ்சி, ஒரு செயற்கைக் குழாயின் வழியாக நேரே பெருந்தமனியில் சேர்த்துவிடுகிறது. பம்புக்கு மின்சாரம் கொண்டு செல்லும் கம்பி வயிற்றின் வழியாக வெளியே வந்து கருவியோடு இணைகிறது. பகலில் 2 பேட்டரிகள். இரவில் சுவர் மின்சாரம். இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் மாத்திரை. கம்பி வெளிவரும் இடத்தில் தண்ணீர் படலாகாது. உளூவின் உறுப்புகளில் வயிறு இல்லாததால் தொழுகைக்குச் சிரமமில்லை. கடமையான குளிப்புக்கு என்ன செய்வதென்று எங்கள் மஹல்லாவின் ஆலிம்சாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டோம்.

பம்பு ஓயாமல் ஒரே சீராக இரத்தத்தைத் தள்ளுவதால், இந்த நோயாளிகள் பலருக்குக் கையில் நாடி தட்டுப்படுவதில்லை. ராத்தா வீடு திரும்பிய அன்று, எங்கள் உம்மா வழக்கம்போல் மகளின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார்கள். விரலை இங்கும் அங்கும் மாற்றி வைத்தார்கள். ஒன்றும் தட்டுப்படவில்லை. ‘புள்ளே, உனக்கு நாடியே இல்லையே!’ என்று அவர்கள் விம்மியதும், நாடியில்லாத ராத்தா அவர்களைத் தேற்றியதும் இன்னும் என் கண்ணில் நிற்கின்றன.

நாடி இல்லாத இடத்தில் எங்களுக்குத் துணையாக வந்தவைதாம் அந்த 4 எண்கள். முதலாவது, பம்பின் வேகம். இரண்டாவது, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் இரத்தம் ஓடுகிறது என்ற கணக்கு. மூன்றாவது, பம்பு எடுத்துக்கொள்ளும் மின்சாரம். நான்காவது, சொந்த இதயத்தின் துடிப்பு பம்பின் ஓட்டத்தில் எவ்வளவு ஏற்ற இறக்கத்தை உண்டாக்குகிறது என்பதைக் காட்டும் எண். மருத்துவமனையிலிருந்து வெளிவந்தபோது ராத்தாவின் வேகம் 5,400, ஓட்டம் 4.2 லிட்டர். அந்த இரண்டாவது எண்தான் எங்கள் குடும்பத்தின் கண்மணியாயிற்று. ஜித்தாவிலிருக்கும் மச்சான் தொலைபேசியில் ஸலாம் சொன்ன அடுத்த கணமே ‘இன்றைக்கு எத்தனை லிட்டர்?’ என்றுதான் கேட்பார்.

எண்களைக் குறித்து வரச் சொன்ன மருத்துவர்கள், இன்னொன்றையும் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். 1, 3, 6, 12 மாதங்களிலும், அதன் பிறகு 6 மாதம் முதல் ஓராண்டுக்கு ஒருமுறையும் எக்கோ பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பது அது. முதல் 3 பரிசோதனைகளும் நல்லபடியாக முடிந்தன. எடுத்தவர் ஒரு பெண்மணி; இனிமையாகப் பேசுவார். 12ஆம் மாதம், 2022 ஜனவரியில், முன்பதிவுக்காகத் தொலைபேசியில் பேசியபோது அந்தச் சகோதரி பிரசவ விடுப்பில் சென்றிருப்பதாகவும், அந்த வாரம் ஓர் ஆண்தான் எடுப்பார் என்றும் சொன்னார்கள்.

ராத்தாவின் முகம் மாறிவிட்டது. எக்கோ எடுப்பதற்கு மார்பின் இடப்புறத்தைத் திறந்து காட்ட வேண்டும் என்பதை அறிந்தவர்களுக்கு அவரது தயக்கம் புரியும். ‘அந்தப் பெண் திரும்பி வரட்டும். எண்ணெல்லாம் நல்லாத்தானே இருக்கு?’ என்றார். நானும் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தன. ‘சரி ராத்தா, வரட்டும்’ என்றேன். அந்தச் சொல்லை நான் சொல்லாதிருந்திருக்கலாம். வேறு நாளில் வேறு பெண் இருக்கிறாரா என்றாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அடுத்த மாதங்களில் என் நோட்டில் நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள். வேகம் அதே 5,400. ஓட்டமோ 4.2இலிருந்து 4.6 ஆனது. நோன்புப் பெருநாள் கழிந்தபோது 5ஐத் தாண்டியது. நான் துள்ளிக் குதிக்காத குறையாக மச்சானிடம் சொன்னேன். அவர் அங்கே அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்ல, இங்கே உம்மா ஷுக்ருடைய தொழுகை 2 ரக்அத் தொழுதார்கள். நான்காவது எண் மெல்ல மெல்ல இறங்கி வந்ததை நான் கவனித்தேன்; ஆனால் பொருட்படுத்தவில்லை. இரத்தம்தான் முன்னைவிட நன்றாக ஓடுகிறதே!

இதே மாதங்களில் ராத்தா ஸுஜூதிலிருந்து எழும்போது சற்று நின்று மூச்சு வாங்கலானார். கோடை வெயில் என்றோம். படுக்கையில் இரண்டாவது தலையணை வந்தது. சதை போட்டிருக்கிறது என்றோம். மாலையில் கணுக்காலில் விரலை அழுத்தினால் குழி விழுந்தது. அதற்கும் ஏதோ ஒரு காரணம் சொன்னோம். நாற்காலியில் அமர்ந்து தொழத் தொடங்கினார். நோயாளி வாயால் சொல்வதும் உடல் காட்டுவதும் ஒருபுறம். நான் எழுதிய எண்கள் மறுபுறம். நாங்கள் எண்களின் பக்கம் நின்றோம்.

ஆகஸ்ட் மாதம் ஓரிரவு அவரால் படுக்கவே முடியவில்லை. விடிய விடிய உட்கார்ந்திருந்தார். காலையில் கருவியைப் பார்த்தேன். ஓட்டம் 5.6 லிட்டர். அதுவரை எழுதியதிலேயே உயர்ந்த எண் அதுதான். அன்றுதான் எனக்கு அச்சம் வந்தது.

சென்னையில் எக்கோ அறையில் இருந்தவர் ஓர் இளைஞர். ராத்தா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லும் நிலையிலும் இல்லை. ஆனால் அந்த இளைஞர் தாமாகவே ஒரு செவிலியரை அழைத்து உடனிருக்கச் செய்தார். என்னையும் தலைமாட்டில் நிற்கச் சொன்னார். ஒரு போர்வையால் மூடி, தேவையான இடத்தை மட்டும் செவிலியரே விலக்கினார். அந்த இளைஞரின் கண்கள் திரையை விட்டு அகலவில்லை. இதைத்தான் 7 மாதங்களாக அஞ்சிக்கொண்டிருந்தோம். பிற்பாடு எங்கள் ஆலிம்சாவிடம் இதைச் சொன்னபோது, பெண் கிடைக்காத நிலையில், மற்றொரு பெண் உடனிருக்க, சிகிச்சைக்குத் தேவையான அளவு ஆண் மருத்துவர் பார்ப்பதற்கு மார்க்கத்தில் இடமுண்டு என்றார். ‘இதை முன்பே வந்து கேட்டிருக்கலாமே, மகளே!’ என்றும் சொன்னார்.

எக்கோ என்பது என்ன? செவிக்குக் கேளாத ஒலியை மார்பின் வழியே அனுப்பி, அது இதயத்தில் பட்டுத் திரும்பும் எதிரொலியைப் படமாக்குவது. ஊசியில்லை, வலியில்லை, எக்ஸ்ரே கதிரும் இல்லை. 1953ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டின் லுண்ட் நகரில் இதை முதன்முதலில் செய்தவர்கள் இங்கெ எட்லர் என்ற மருத்துவரும் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும். மால்மோ நகரின் கப்பல் கட்டும் தளத்தில் உலோகத்தின் உட்பழுதைக் கண்டறிய வைத்திருந்த கருவியில்தான் அவர்கள் முதலில் முயன்று பார்த்தார்கள். பிறகு அத்தகைய கருவியொன்றை இரவல் வாங்கி வந்தார்கள். எட்லர் தேடியதும் ஒரு வால்வின் பழுதைத்தான். மூட்டுவாதக் காய்ச்சலால் சுருங்கிப் போகும் மிட்ரல் வால்வு. நம் நாட்டில் இன்றும் இளம்பெண்கள் பலரை வாட்டும் நோய் அது.

பம்பு பொருத்தியவர்களுக்கு எக்கோ எடுப்பது எளிதன்று. இதயத்தின் கூர்முனையிலிருந்து பார்ப்பதுதான் வழக்கம். அங்கேதான் பம்பு உட்கார்ந்திருக்கிறது. எனவே அந்த இளைஞர் மார்பெலும்பை ஒட்டிய இடத்தில் கருவியை வைத்து, சிறிது சிறிதாகச் சாய்த்துச் சாய்த்துத் தேடினார். அரைமணி நேரத்துக்கு மேலாயிற்று. முதலில் பெருந்தமனி வால்வைப் பிடித்தார். அதன் அசைவைக் காலத்தோடு சேர்த்துக் கோடாக வரையும் முறை ஒன்றுண்டு. வால்வு திறந்தால் கோடு இரண்டாகப் பிரிந்து ஒரு சிறு பெட்டி போலத் தெரியும். மூடினால் மீண்டும் ஒன்றாகும். ராத்தாவின் திரையில் பெட்டியே இல்லை. கோடு ஒரே கோடாகப் போய்க்கொண்டிருந்தது. 10 துடிப்பு, 20 துடிப்பு. கதவு ஒருமுறைகூடத் திறக்கவில்லை.

பிறகு இரத்த ஓட்டத்தை வண்ணத்தில் காட்டும் டாப்ளர் முறைக்கு மாற்றினார். மூடிய வால்வின் நடுவிலிருந்து, மஞ்சளும் நீலமும் கலந்த ஒரு சுடர் பின்னோக்கிக் கீழறைக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. எனக்கு மருத்துவம் தெரியாது. ஆனால் அந்தச் சுடர் தவறான திசையில் பாய்கிறது என்பதை அறிய மருத்துவம் தேவைப்படவில்லை.

பெரிய மருத்துவர் வந்து எங்களுக்கு விளக்கினார். பம்பு தள்ளும் இரத்தம் வால்வுக்கு மேலே பெருந்தமனியில் வந்து விழுகிறது. அதனால் வால்வின் மேற்பக்கம் இரவும் பகலும் அழுத்தம். கீழ்ப்பக்கத்திலோ, பம்பு உறிஞ்சிவிடுவதால் வால்வைத் தள்ளித் திறக்கும் அளவுக்கு இரத்தமும் இல்லை, விசையும் இல்லை. மாதக்கணக்கில் திறக்காத கதவின் இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்குகின்றன; தாங்கமாட்டாமல் நடுவே இடைவெளி விடுகின்றன. பழைய தலைமுறைப் பம்புகளைப் பொருத்தியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு ஓராண்டில் ஓரளவேனும் இந்தக் கசிவு தோன்றியது. புதிய வகைகளில் குறைந்திருக்கிறது, அடியோடு நீங்கிவிடவில்லை.

‘அப்படியானால் ஓட்டம் 5.6 என்று காட்டுகிறதே, டாக்டர்?’ என்று நோட்டை நீட்டினேன். அவர் அதை வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். பிறகு சொன்னதை என்னால் மறக்க இயலாது. ஓட்டத்தின் எண் பம்பு நேரில் அளந்து சொல்வது அன்று. வேகத்தையும் மின்சாரத்தையும் கொண்டு கணக்கிட்டுச் சொல்வது. அந்தக் கணக்கும் பொய்யில்லை. பம்பு 5.6 லிட்டரைத் தள்ளத்தான் செய்கிறது. ஆனால் அதில் ஒரு பகுதி கசியும் வால்வின் வழியே கீழறைக்குத் திரும்பிவிடுகிறது; பம்பு அதையே மறுபடி எடுத்துத் தள்ளுகிறது. ஒரே இரத்தம் உடலுக்குப் போகாமலே சுற்றிக்கொண்டிருக்கிறது. கசிவு கூடக் கூட எண்ணும் கூடும். மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போய்ச் சேர்வதோ குறையும். நான் மகிழ்ந்து மகிழ்ந்து எழுதியது நோயின் வளர்ச்சியைத்தான்.

இதை வீட்டில் உம்மாவிடம் எப்படிச் சொல்வதென்று தவித்தேன். அவர்கள் கேட்டுவிட்டு, ‘மாடித் தொட்டித் தண்ணி ஒழுகிக் கெணத்துக்கே போனா, மோட்டார் ராப்பகலா ஓடத்தான் செய்யும். அடுப்படிக் கொழாயில தண்ணி வராது. இதுதானே?’ என்றார்கள். இதைவிட நன்றாக எந்த மருத்துவரும் சொல்லிவிட முடியாது.

எக்கோ சொன்ன வேறு செய்திகளும் இருந்தன. சாதாரண இதயத்தில் இந்த வால்வு கசிந்தால், இதயம் விரியும் நேரத்தில் மட்டும் கசியும். பம்பு உள்ளவர்களுக்குச் சுருங்கும் நேரத்திலும் கசிகிறது. ஆகவே வழக்கமான அளவுகோலை வைத்துப் பார்த்தால் உள்ளதைவிடக் குறைவாகவே தெரியும். கசிவின் மிகக் குறுகிய இடம் 3 மில்லிமீட்டரை எட்டினாலே அதை நடுத்தரக் கசிவு அல்லது அதற்கும் மேல் என்று கொள்கிறார்கள். ராத்தாவுக்கு 5 இருந்தது. மிட்ரல் வால்வு பரவாயில்லை. கீழறை சுருங்கியதால் முன்பிருந்த கசிவு குறைந்திருந்தது. வலப்புறத்து மூவிதழ் வால்வையும் வலது கீழறையையும் நெடுநேரம் பார்த்தார்கள். பம்பு தாங்குவது இடப்பக்கத்தை மட்டுந்தான்; வலப்பக்கம் தன் வலிமையிலேயே நிற்க வேண்டும். அது நின்றுகொண்டிருந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

இன்னொரு காரணமும் வெளிப்பட்டது. இரத்த அழுத்தம். நாடியில்லாதவர்களுக்கு வழக்கமான கருவி பெரும்பாலும் அழுத்தத்தைக் காட்டாது. கைப்பட்டையில் காற்றேற்றி, டாப்ளர் கருவியால் ஓசை கேட்டுத்தான் அளக்க வேண்டும். எங்கள் ஊரில் 2 முறை வழக்கமான கருவியில் முயன்று, எண் வராததால் நாங்களும் விட்டுவிட்டோம். சென்னையில் அளந்தபோது 104 இருந்தது. 90க்குக் கீழே இருக்க வேண்டியது. வால்வை மேலிருந்து அமுக்கிய கை அதுதான்.

மறுநாள், இரத்தம் உறையும் தன்மை சரியான அளவில் இருக்கிறதா என்று சோதித்த பின்பு, எக்கோ கருவியை மார்பில் வைத்தபடியே பம்பின் வேகத்தை 100, 100 சுற்றாகக் குறைத்தார்கள். ஒவ்வொரு படியிலும் நிறுத்தி, கீழறையின் அகலம், நடுச்சுவர் எந்தப் பக்கம் சாய்கிறது, வால்வு திறக்கிறதா என்று பார்த்தார்கள். 5,300இல் ஒன்றுமில்லை. 5,200இலும் இல்லை. 5,100 வந்தபோது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தேன். போய்க்கொண்டிருந்த ஒற்றைக்கோடு ஓரிடத்தில் பிரிந்தது. ஒரு சிறு பெட்டி. பிறகு 2 துடிப்புக்கு ஒன்றுமில்லை. மறுபடியும் ஒரு பெட்டி. என்னையறியாமல் ‘சுப்ஹானல்லாஹ்’ என்றேன். ‘என்ன, என்ன?’ என்று ராத்தா கேட்டார். ‘உன் வால்வு திறக்குது ராத்தா’ என்றேன். ஒன்றரை ஆண்டுகளாகப் பம்பின் நிழலில் கிடந்த அவரது சொந்த இதயம், மூன்று துடிப்புக்கு ஒருமுறை தானும் சிறிது இரத்தத்தை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. அதற்கும் கீழே வேகத்தைக் குறைத்தபோது கீழறை விரியத் தொடங்கியது. எனவே 5,100இலேயே நிறுத்தினார்கள்.

வேகத்தைக் குறைத்ததால் கசிவு நின்றுவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். கெட்ட இதழ்கள் மீண்டும் புதிதாவதில்லை. அழுத்தத்துக்கு மாத்திரை, நீர் பிரிய மாத்திரை, குறைந்த வேகம் இவற்றால் மூச்சிரைப்பு தணிந்தது. கணுக்கால் வீக்கம் வடிந்தது. கசிவு அதே அளவில் நிற்கிறது. அது கூடினால் என்ன செய்வது என்பதையும் மருத்துவர் மறைக்கவில்லை. மார்பைத் திறந்து வால்வின் நடுவில் தையல் போடலாம். திசுவாலான வால்வை மாற்றி வைக்கலாம். சிலருக்குத் தொடையின் இரத்தக் குழாய் வழியாகவே புது வால்வைச் செலுத்துவதுண்டு. அல்லது மாற்று இதயம் கிடைக்க வேண்டும். உலோக வால்வு கூடாதாம். திறக்காமல் இருக்கும் வால்வில் இரத்தம் உறைந்துவிடும். திசு வால்வு என்றதும் உம்மா முதலில் கேட்ட கேள்வியை நீங்களே ஊகிப்பீர்கள். பன்றியின் வால்வைக் கொண்டும் செய்கிறார்கள், மாட்டின் இதய உறையைக் கொண்டும் செய்கிறார்கள். தேவை வரும்போது எது கிடைக்கும் என்று பேசிக்கொள்ளலாம் என்றார் மருத்துவர். 12ஆம் மாதத்திலேயே வந்திருந்தால் கசிவு இவ்வளவு ஆகியிருக்காதா என்று நான் கேட்டதற்கு மட்டும் அவர் நேராக விடை கூறவில்லை. ‘முன்பே பார்த்திருந்தால் முன்பே வேகத்தைக் குறைத்திருப்போம்’ என்றார். அவர் பெருந்தன்மையோடு சொன்னார். நான் அதை விளங்கிக்கொண்டேன்.

இந்தப் பம்பு உங்கள் வீடுகளில் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் எக்கோ எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்த சீட்டு, பல வீடுகளில் குர்ஆன் வைக்கும் அலமாரியின் மூலையிலோ மருந்துப் பெட்டியின் அடியிலோ மடங்கிக் கிடக்கிறது என்பதை நான் அறிவேன். காரணம் கேட்டால், யார் எடுப்பார்களோ என்ற கூச்சம் என்பார்கள். முன்கூட்டியே கேட்டால் பெண் எடுக்கும் நாளைச் சொல்வார்கள். இல்லையென்றால் உடனிருக்க ஒரு பெண்ணைக் கேளுங்கள், போர்வை கேளுங்கள். நாங்கள் கேட்கவே இல்லை என்பதுதான் எங்கள் கதை.

இப்போது ராத்தாவுக்கு 3 மாதத்துக்கு ஒருமுறை எக்கோ. விடுப்பிலிருந்த சகோதரி திரும்பி வந்துவிட்டார். அவர் இல்லாத நாளில் அந்த இளைஞர் எடுக்கிறார். யார் எடுப்பார் என்று ராத்தா இப்போதெல்லாம் கேட்பதில்லை. பெட்டி தெரிகிறதா என்று மட்டும் என்னிடம் கேட்கிறார்.

நோட்டை நான் நிறுத்திவிடவில்லை. ஆனால் மருத்துவர் சொன்னபடி, 4 எண்களுக்கு அடுத்து ஐந்தாவதாக ஒரு கட்டம் போட்டிருக்கிறேன். அதில் எண்ணில்லை; ராத்தா சொல்வதை அவர் சொன்னபடியே எழுத வேண்டும். எத்தனை தலையணை, மாடிப்படியில் எங்கே நின்றார், எப்படித் தொழுதார். உடலில் நீர் குறைந்தால் பம்புக்கு ஆகாது என்பதால் நோன்பு வைக்க மருத்துவர் அனுமதிக்கவில்லை, ஃபித்யா கொடுத்துவிட்டோம். தராவீஹை மட்டும் விடமாட்டேன் என்று நிற்கிறார். இதை எழுதும் இன்று காலை நான் குறித்தது: வேகம் 5,100. ஓட்டம் 4.5. தலையணை ஒன்று. நேற்றிரவு தராவீஹ், நின்று 8, உட்கார்ந்து 12. அடுத்த எக்கோ, பெருநாள் கழித்து 9ஆம் நாள்.